பாராட்டுக என்னும் கட்டளை

1

பாராட்டு கட்டளைக்குப் பணிந்து வரக்கூடிய ஒன்றா? வரும் என்றே நம் பள்ளிக்கூடங்கள் நம்புகின்றன. தமிழ் வினாத்தாளில் ஒரு செய்யுளைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்று போட்டிருக்கும். என்ன செய்ய வேண்டுமென்று மாணவனுக்குத் தெரியும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று வரிசையாகத் தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுத வேண்டும். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாமெழுத்து ஒன்றினால் எதுகை. அணி எதுவும் அகப்படாவிட்டால் இயல்பு நவிற்சி இருக்கவே இருக்கிறது. செய்யுள் நல்லதுதானா என்ற கேள்வி எழுவதில்லை. வினாவின் வினைச்சொல்லே அதைத் தீர்மானித்துவிட்டது.

இதைப் பாடத்திட்டத்தின் குறையாக மட்டும் பார்ப்பது போதாது. இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட பிரச்னை. காணாததைக் கண்டேன் என்று சொல்வது நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி. உணராததை உணர்ந்தேன் என்று எழுதுவதற்குப் பள்ளியில் மதிப்பெண். நான் வேலை பார்க்கும் வங்கியில், காசோலையிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடாமல் பணம் கொடுத்தால் மறுநாளே விளக்கம் கேட்பார்கள். ஒரு செய்யுளின் சொற்களை ஒப்பிட்டுப் பார்க்காமலே ‘கற்கண்டாய் இனிக்கிறது’ என்று எழுதும் பதினைந்து வயதுப் பையனிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சொல்லுக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை என்று அவன் கற்றுக்கொள்கிறான். பின்னாளில் மேடைப் பேச்சிலும் புத்தக முன்னுரையிலும் இரங்கற் கூட்டத்திலும் நாம் கேட்பதெல்லாம் இந்தப் பாடத்தைத்தான்.

2

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்த பரிசோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. கவிஞர் பெயரையும் காலத்தையும் நீக்கிக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, மனதில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். அவற்றில் 13 கவிதைகளையும் கிடைத்த பதில்களையும் வைத்து 1929ல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிஸம்’ வெளிவந்தது. நல்ல கல்வி பெற்றவர்கள் என்று கருதப்பட்ட அந்த மாணவர்கள் டன்னையும் ஹாப்கின்ஸையும் புரிந்துகொள்ளத் திணறினார்கள். சாதாரணமான வரிகளில் மனதைப் பறிகொடுத்தார்கள். அவர்களுடைய இடர்ப்பாடுகளை ரிச்சர்ட்ஸ் பத்தாக வகுத்தார். வாக்கியத்தின் நேர்ப்பொருளே பிடிபடாமல் போவது, கவிதைக்குச் சம்பந்தமில்லாத சொந்த ஞாபகங்கள் குறுக்கிடுவது, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சி முந்திக்கொண்டு வருவது, நம்பிக்கைகள் கண்ணை மறைப்பது என்று அந்தப் பட்டியல் போகிறது.

நமக்கு முக்கியம் பட்டியல் அல்ல. அந்த மாணவர்கள் தவறாக வாசித்தார்கள், ஆனால் பொய் சொல்லும் அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. பிடிக்கவில்லை என்று எழுத இடமிருந்தது. ஆகவே தவறு வெளியே தெரிந்தது. தெரிந்ததால் அதைப் பற்றிப் பேச முடிந்தது. நம் மாணவனின் தவறு தெரிய வழியே இல்லை. சரியான தலைப்புகளுக்கடியில் அது பத்திரமாக இருக்கிறது.

3

குறுந்தொகை நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடி. பாடியவரின் சொந்தப் பெயர் மறைந்து, பாட்டிலுள்ள உவமையாலேயே செம்புலப் பெயனீரார் என்று அறியப்படுகிறார். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கும் அளவுக்குப் பழகிவிட்ட பாட்டு. ‘காதலரின் ஒன்றிய உள்ளம்’ என்று மையக் கருத்தை ஒரே மூச்சில் எழுதிவிடலாம்.

சொற்களின் வரிசையிலேயே போனால் என்ன ஆகிறது? முதல் மூன்று அடிகளும் கேள்விகள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், தந்தையர் எந்த முறையில் உறவினர், நீயும் நானும் எப்படி அறிந்தோம். மூன்றுக்கும் பதில் இல்லை. உறவில்லை என்பதே பதில். பிறகு மழை நீரும் செம்மண் நிலமும். யாரும் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய நீரல்ல அது; தானாகப் பெய்தது. கடைசி அடியில் எழுவாயைத் தேடச் சொன்னால் இலக்கணம் படித்த எந்த மாணவனும் கண்டுபிடிப்பான்: கலந்தவை நெஞ்சங்கள். நான் கலந்தேன், நீ கலந்தாய் என்ற பேச்சே இல்லை. பெற்றோரின் சம்மதம் இருக்கட்டும், காதலர் இருவரின் முடிவுகூட அங்கே வினையாக வரவில்லை.

பெற்றோர் ஒருவருக்கொருவர் அந்நியர் என்று தொடங்கும் பாட்டை, இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் குலப்பெருமையும் அச்சிட்ட அழைப்பிதழின் உச்சியில் போடுகிறோம். அந்த முரண் நம் கண்ணில் படுவதில்லை. பாட்டு நம்மிடமிருந்து அவ்வளவு தூரம் பாராட்டப்பட்டுவிட்டது. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, ‘அப்படியென்றால் இவர்கள் வேறு வேறு ஜாதியா, ஐயா?’ என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? ஜாதி என்ற சொல் பாட்டில் இல்லை. ஆனால் முறை என்ன என்ற கேள்வி இருக்கிறது. உறவின் முறைக்குள்ளேயே கல்யாணத்தை வைத்திருக்கும் சமூகத்தில் அந்தக் கேள்வி என்ன கனம் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பாட்டை விட்டு விலகவில்லை. பாட்டிற்குள் இதுவரை யாரும் போகாத அளவு போயிருக்கிறாள். ‘உட்காரம்மா, அது பரீட்சைக்கு வராது’ என்பது இலக்கியம் பற்றிய தீர்ப்பல்ல, பயம். மோனையும் எதுகையும் எவர் வீட்டுக் கதவையும் தட்டாதவை. பள்ளிக்கூடத்தில் அவற்றிற்குக் கிடைத்திருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மாணவன், ‘வெயில் அடித்தால் தண்ணீர் காய்ந்துவிடாதா?’ என்று கேட்கலாம். வகுப்பு சிரிக்கும். ஆனால் பாட்டின் அடியிலுள்ள பழைய கூற்றுக் குறிப்பு, பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து தலைவன் சொன்னதாகவே இதைச் சொல்கிறது. கொண்டாட்டத்தின் அடியில் ஓர் அச்சம் இருப்பதைக் குறிப்பெழுதிய பழையவர் கண்டிருக்கிறார். சிரிப்புக்கு ஆளான பையன் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து நிற்கிறான்.

4

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரியா என்று கேட்பார்கள். இல்லை. சொல்வதைப் பாட்டின் சொல்லில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாதபோது விட்டுவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இறக்குமதிச் சரக்கு அல்ல. பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு மாட்டிப் பொருள் கொண்டதை, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள் 1903ல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறுத்தார். 103 அடிப் பாட்டைப் புலவர் வைத்த வரிசையிலேயே படித்துப் பொருள் காண முடியும் என்பது அவர் கட்சி. எத்தனை பெரிய உரைகாரரானாலும் பாட்டுக்கு முன் அவர் சொல் சோதனைக்கு உரியதே என்ற தைரியம் அதில் இருந்தது. அந்தத் தைரியம் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. நோட்ஸ் ஆசிரியரின் பொருளைச் சோதிக்கலாம் என்று எந்த மாணவனிடமும் நாம் சொன்னதில்லை.

ரசனையைக் கற்பிக்க முடியாது என்பது வேறொரு வாதம். 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய சி. சு. செல்லப்பா அலசல் விமர்சனத்துக்காக வாதாடியபோது, க. நா. சு. வாசக அனுபவத்தின் பக்கமும் ரசனையின் பக்கமும் நின்றார். இருவருமே ஏற்கனவே வாசிக்கத் தெரிந்தவர்களுக்காகப் பேசினார்கள். பள்ளியில் இந்த எதிர்நிலைக்கு அர்த்தமில்லை. ரசனையைக் கற்பிக்க முடியாதுதான். ஆனால் ரசித்ததாக நடிப்பதைக் கற்பிக்காமல் இருக்க முடியும். அலசலின் முதற் பயன் அவ்வளவே.

அலட்சியம் செய்ய முடியாத ஆட்சேபம் ஒன்றுண்டு. ஒரே வகுப்பில் ஐம்பது பேர். வீட்டில் புத்தகமே இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள். தலைப்பு போட்டு எழுதும் முறை அவர்களைத் தேற்றிவிடுகிறது. சொந்தமாக எழுதச் சொன்னால் படித்த வீட்டுப் பிள்ளைகளே ஜெயிப்பார்கள் என்கிறார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது, அனுதாபமும் இருக்கிறது. ஆனால் படித்த வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு கருத்தை மறுத்துப் பேசும் பழக்கம் சாப்பாட்டு வேளையிலேயே கிடைத்துவிடுகிறது. மற்றவனுக்குப் பள்ளியை விட்டால் வேறிடம் கிடையாது. அவனுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துக் குரலைப் பிடுங்கிக்கொள்வது தர்மமாகாது. மேலும், மழை மண்ணில் விழுந்தால் என்ன ஆகுமென்று அறிய வீட்டில் புத்தக அலமாரி தேவையில்லை. காடு கழனியில் வளர்ந்த பிள்ளைக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவை வகுப்பில் செல்லுபடியாக்குவதுதான் ஆசிரியரின் வேலை.

5

அலசலும் ஒரு சடங்காகிவிடலாம். ப்ரூக்ஸும் வாரனும் 1938ல் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி’ அமெரிக்கக் கல்லூரிகளில் பரவியபின் முரண், அங்கதம், இருபொருள் ஆகியவை தேடிப் பிடிக்க வேண்டிய சாமான்களாகிவிட்டன என்ற குறை அங்கேயே எழுந்தது. நாளை நம் வினாத்தாளில் மோனைக்குப் பதில் ‘படிமம்’ என்றும் எதுகைக்குப் பதில் ‘குறியீடு’ என்றும் தலைப்புகள் வரலாம். நவீனம் வந்துவிட்டதென்று நம்மில் சிலர் சந்தோஷப்படவும் கூடும். எதுவும் மாறியிருக்காது.

மாற வேண்டியது வினைச்சொல். பாராட்டுக என்ற இடத்தில் ‘இதில் உமக்குப் பட்டதைச் சொல்லுக; எந்தச் சொல்லால் பட்டது என்று காட்டுக’ என்று கேட்கலாம். எதுவும் படவில்லை என்று ஒருவன் எழுதி, ஏன் படவில்லை என்பதைச் சொல் சொல்லாகக் காட்டினால், முழு மதிப்பெண்ணையும் அவனுக்குக் கொடுக்கும் துணிவு திருத்துகிறவருக்கு வேண்டும். அந்த விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் போட முடியாத இடத்தில் இலக்கியம் கற்பிக்கப்படுகிறது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.