கண்ணின் அளவா? விரலின் அளவா?

பார்வையற்றோருக்கு நாம் செலுத்த வேண்டியது இரக்கமா, உரிமையா? மேடையிலே கேட்டால், "உரிமையே!" என்று முழங்குவோம். நாம் எழுப்பும் மாளிகைகளோ வேறு விடை கூறுகின்றன. பெயர்ப் பலகை கை எட்டாத உயரத்திலே! கண்ணுள்ளவர் கண்டு பாராட்டுவதற்காகப் பொறித்த புள்ளி எழுத்து, விரலுக்கு எட்டாவிடில் யாருக்குப் பயன்?

வரலாற்றைப் புரட்டுவோம். பார்வையற்றோருக்குப் படிப்பு ஏது என்று உலகம் கைவிட்டிருந்த காலத்தில், 1785-ஆம் ஆண்டு, பாரிசு நகரிலே பள்ளி கண்டார் வாலன்டின் ஹாவி. அச்செழுத்தையே தாளில் புடைக்கச் செய்து, தடவிப் படிக்கத் தந்தார். நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. ஆனால், அந்த எழுத்து கண்ணுக்கெனப் பிறந்தது. அதன் வளைவையும் சுழிவையும் விரல் தேடித் தேடி அலைந்தது. படிப்பதே பெரும்பாடு, எழுதுவதோ எட்டாக்கனி!

அப்பள்ளிக்கு வந்த சிறுவன் லூயி பிரெயில், தந்தையின் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வை இழந்தவன். படை அதிகாரி பார்பியே வகுத்த முறையில் பன்னிரண்டு புள்ளிகள் இருந்தன. அவை ஒரே தொடுதலில் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அவற்றை ஆறாக்கினார். 1829-இல் அம்முறையை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபது! கண்ணுள்ளோர் உடனே ஏற்றனரா? இல்லை. பள்ளி நிர்வாகமே ஒரு காலம் தடை போட்டது; மாணவர் மறைவாகப் பயின்றனர். 1852-இல் பிரெயில் மறைந்தார். 1854-இல்தான் அப்பள்ளி அவர் எழுத்தை ஏற்றது. பார்வையைப் பறித்தது விதி என்பர் சிலர். எழுத்தைத் தடுத்தது விதியா? மனிதர் அன்றோ!

இதிலே பாடம் உண்டு. கண், முழுமையைக் கண்டு பிறகு பகுதிக்கு வரும். விரலோ பகுதி பகுதியாகத் தொட்டு முழுமையைக் கட்டும். ஆறு, மலை, சாலை, எல்லை, ஊர்ப்பெயர் அனைத்தையும் ஒரே தாளில் அப்படியே புடைக்க வைத்தால், விரலுக்கு அது வரைபடமன்று, முட்புதர்! ஆற்றுக்கு ஒரு தாள், எல்லைக்கு ஒரு தாள் எனப் பிரித்திட வேண்டும். கோட்டுக்குக் கோடு இடைவெளி வேண்டும். அழகுக்கெனச் சேர்த்த நிழலும் பூவேலையும் நீங்க வேண்டும். அறிவிப்புப் பலகையும் அவ்வாறே. எல்லாக் கதவருகிலும் ஒரே பக்கம், ஒரே உயரம் என்றிருந்தால் கை நேரே செல்லும். இல்லையேல் சுவர் முழுதும் தடவ வேண்டும்.

சப்பானிய நாட்டு மியாகே செய்இச்சி வகுத்த கற்கள் 1967-இல் ஒகயாமா நகரத் தெருவிலே முதன்முதல் பதிக்கப்பட்டன. இன்று நம் தொடர்வண்டி நிலையங்களிலும் அவ்வகைக் கற்களைக் காண்கிறோம். நீள்வரி, "நட" என்கிறது. புள்ளி, "நில், கவனி" என்கிறது. காலுக்குப் புரியும் மொழி அது! அதன்மீது வண்டியை நிறுத்துகிறவன், பிறர் படிக்கும் ஏட்டைக் கிழிக்கிறவனே.

2016-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக வழி செய்யப் பணிக்கிறது. வழி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை யார் சொல்வது? கட்டி முடித்தபின் அவர்களை அழைத்துக் காட்டுவது விழா. கட்டுமுன் அவர்களைக் கேட்பதே நீதி. கொடுப்பவர் அளவில் கொடுப்பது இரக்கம். பெறுபவர் அளவில் அமைவதே உரிமை!