நேத்து பார்த்தது

ஜவ்வாது மலையில் ஒரு ஜனவரி இரவு. காவலூர் வானாய்வகம் இருக்கிற மலை அது. அமாவாசையை ஒட்டிப் போனால் வானம் நன்றாக இருட்டியிருக்கும். என் 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியை ஓரியன் நெபுலாவுக்குத் திருப்பினேன். கேமராவை மாட்டுவதற்கு முன்னால் அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஊதுபத்திப் புகை மாதிரி இருக்குடா" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக 81 படங்கள் எடுத்தேன். மறுநாள் அவற்றை மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கினேன். சிவப்பும் நீலமுமாக விரிந்தது நெபுலா. குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன், கூடவே இரண்டு வார்த்தை: "நேத்து பார்த்தது."

எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் போனோடு வந்து நின்றாள். "நான் பாத்ததுல சிவப்பே இல்லையேடா. கண்ணை மறுபடி டாக்டர்கிட்ட காட்டணுமோ என்னமோ." போன வருஷம்தான் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது.

படம் பொய்யா? இல்லை. அந்தச் சிவப்பு, ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் உமிழும் ஒளி. சுமார் 1,300 ஆண்டுகள் பயணித்து அன்றிரவு மலைக்கு வந்துசேர்ந்த ஒளி. மங்கிய வெளிச்சத்தில் நிறமறியும் செல்கள் நம் கண்ணில் வேலை செய்யாது. கேமராபோல நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கவும் கண்ணால் முடியாது. 1995இல் ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலா படத்தில் ஹைட்ரஜனுக்குப் பச்சை நிறமே கொடுத்தார்கள். ஆனால் எதற்கு எந்த நிறம் என்று சொல்லிவிட்டார்கள். நான் சொல்லவில்லை. பொய் படத்தில் இல்லை, "பார்த்தது" என்ற வார்த்தையில் இருந்தது. நானும் பார்த்தது புகையைத்தான்.

81 படங்களை அடுக்கினால் இரைச்சல் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். ஒரு படத்தில் செயற்கைக்கோள் ஒன்று கோடு போட்டுக்கொண்டு போயிருந்தது. மற்ற 80இல் அது இல்லாததால் மென்பொருள் தானாகவே தூக்கி எறிந்துவிட்டது. ஒரே ஒரு முறை வந்தது கணக்கில் சேராது. நெபுலாவுக்கு அந்த விதி சரி. ஆனால் நான் அதே விதியை அம்மாவிடமும் பிரயோகித்திருக்கிறேன். ஒரு வயதான கண் ஒரே ஒரு முறை பார்த்துச் சொன்ன சாட்சி அது. அதைத் தள்ளிவிட்டேன். தன் கண்தான் தப்பு என்று அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள். அதுதான் உறுத்தியது.

"அம்மா, உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் புகையாத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா பார்த்ததுன்னு போட்ட?"

பதில் இல்லை. குழுவில் இன்னொரு வரி எழுதினேன்: "இது 81 நிமிட ஒளி. நேத்து நானும் அம்மாவும் பார்த்தது, ஊதுபத்திப் புகை மாதிரி ஒண்ணு."