நெல் ஏற்றிய வள்ளம்

ஒரு பொருளை இன்னதென்று எதைக் கொண்டு சொல்கிறோம்? அதன் உடலைக் கொண்டா, அது செய்யும் வேலையைக் கொண்டா?

கேரளத்துக் குட்டநாட்டின் கெட்டுவள்ளத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற பூமி அது. வயலைச் சுற்றிலும் தண்ணீர். வண்டி போக வழியில்லை. ஆகவே வண்டியின் வேலையை வள்ளம் செய்தது. ஆயினிப் பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி, ஆழமில்லாத வாய்க்காலிலும் தரை தட்டாதபடி அடியைத் தட்டையாக அமைத்தார்கள். பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் மூங்கில் கழி.

கயிறு இற்றுப்போனால் வேறு கயிறு. பலகை போனால் வேறு பலகை. கடைசியில் பழைய பலகை ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். ஆனாலும் அதைத் தாத்தா காலத்து வள்ளம் என்று சொல்ல யார் தயங்குவார்கள்? தீசியஸின் கப்பலை வைத்துக்கொண்டு கிரேக்கர்கள் வாதாடியதும் இதைப் பற்றித்தான்.

1990களில் நடந்ததோ நேர்மாறு. சாலையும் பாலமும் லாரியும் வந்துவிட, வேலையற்றுக் கிடந்த வள்ளங்களின் மேல் மூங்கிலாலும் பாயாலும் கூரை போட்டு, கட்டிலும் குளியலறையும் வைத்தார்கள். உடல் அப்படியே இருந்தது, வேலைதான் மாறிற்று. பிறகு நெல்லையே காணாத வள்ளங்களும் படகு வீடாகவே பிறந்தன.

உழைத்த வள்ளம் உல்லாசத்துக்குப் போய்விட்டதே என்று நம் போன்றவர்கள் அங்கலாய்க்கிறோம். இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை குட்டநாட்டு உழவுக் கூலிகளைப் பற்றி 1948-ல் எழுதிய நாவலின் பெயர் 'ரண்டிடங்ஙழி'. இரண்டு படி நெல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கூலியாக அளந்தது அது. வள்ளத்தில் ஏறியது டன் கணக்கு. அறுத்தவன் கைக்கு வந்தது படிக் கணக்கு. அந்த வள்ளத்தை உழைப்பின் சின்னமாகக் கரையில் நின்று போற்றுகிறவர்கள், உழைத்தவன் அதைப் பற்றி என்ன நினைத்தான் என்று கேட்டதுண்டா? கழி ஊன்றித் தோள் காய்த்தவனின் மகன் படகு வீட்டில் சமையற்காரனாகிச் சம்பளம் வாங்கினால், அதைக் கண்டு பெருமூச்சு விட நமக்கு என்ன பாத்தியதை?

எல்லாம் நலமே என்றும் நான் சொல்ல வரவில்லை. வேம்பநாட்டுக் காயலில் எண்ணெயும் கழிவும் கலப்பது தனி வழக்கு. என்னை உறுத்துவது வேறு. சாலை எட்டாத வயல்களிலிருந்து நெல் மூட்டைகள் இன்றும் வள்ளத்தில்தான் வருகின்றன. சின்ன வள்ளங்கள், சிலவற்றில் இயந்திரமும் உண்டு. கெட்டுவள்ளத்தின் பெயரைப் படகு வீடு எடுத்துக்கொண்டது. வேலை இவற்றிடம் இருக்கிறது. பழைய நெல் வள்ளத்தில் தங்கப்போகிறோம் என்று பணம் கட்டி வந்தவர் மேலே நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். எதிரே வருகிற வள்ளக்காரன், அலை அடித்து மூட்டை நனையாமலிருக்க, கரையோரமாக ஒதுங்கி நிற்கிறான்.