வழிகாட்டியின் அறம்

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, ஒற்றசேகரமங்கலத்தின் வழியே இறங்கி, நெய்யாற்றின்கரையைக் கடந்து, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுத்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆறு எந்த எல்லையையும் அறியாது. வாழ்வு தேடி அயலூர் சென்ற நாமும், விடுமுறையில் அப்பக்கம் திரும்பினால், பிள்ளைகளைப் பூவாற்றுக்கு அழைத்துச் செல்கிறோம். கண்டல் மரங்களினூடே படகைச் செலுத்தி, நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் ஒருவர் நமக்குக் காட்டுகிறார். பிறந்த மண்ணில் நாமே விருந்தினராகி, வழிகாட்டியின் விரல் நுனியை நோக்கி அமர்ந்திருக்கிறோம்.

அவ்வழிகாட்டி யாருக்குக் கடமைப்பட்டவர்? கூலி கொடுத்த நமக்கா? கூட்டில் அமர்ந்திருக்கும் பறவைக்கா? அவரை நம்பி வீட்டில் இருப்பவர்களுக்கா? மூன்றும் ஒரே திசையில் செல்லும் வரை சிக்கல் இல்லை. "இன்னும் கொஞ்சம் அருகே போங்கள்" என்று நாம் சொல்லும்போதுதான் அறம் என்னும் வினா எழுகிறது.

வழிகாட்டுதல் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன், பெறாதவனுக்கு வழி சொல்வதே அவற்றின் அமைப்பு. மலைபடுகடாம் வழியின் வளத்தோடு அதன் இடர்களையும் எடுத்துச் சொல்கிறது. எங்கே செல்லலாம் என்பதோடு, எங்கே கவனம் வேண்டும் என்பதையும் சொல்பவனே அங்கு வழிகாட்டி. அவன் கூலி பெறவில்லை; இன்றையவர் பெறுகிறார். கூலி பெறுவது குற்றமன்று. காட்சி கிடைத்தால்தான் கூலி என்று ஆகும்போதே குற்றத்திற்கு வாயில் திறக்கிறது.

காட்டாமலே விட்டுவிடலாமே என்பார் உளர். காணாத ஒன்றின்மேல் அன்பு பிறப்பது அரிது. அன்பில்லாத இடத்தில் காவலும் இராது. ஆகவே காட்டத்தான் வேண்டும். எப்படிக் காட்டுவது என்பதற்குச் சென்னைக் கடற்கரை ஒரு விடை தந்துள்ளது. 1970களில் அங்கே தொடங்கிய 'ஆமை நடை'யை 1988 முதல் மாணவர் குழு ஒன்று ஏற்று நடத்தி வந்துள்ளது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், இரவில் கடலோரமாக நெடுந்தூரம் நடப்பார்கள். கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ, கடலின் மேலுள்ள மெல்லிய ஒளியென மயங்கித் தெருவிளக்கை நோக்கிச் சென்று மாள்கின்றன. ஆதலின் அங்கே வழிகாட்டியின் முதற்சொல், "விளக்கை அணையுங்கள்" என்பதே. காட்ட வந்தவரே இருளைக் கேட்கிறார்! பல இரவுகளில் ஓர் ஆமையையும் காணாமலே நடந்தவர்கள் திரும்புகிறார்கள். ஆயினும் அந்நடை வீணன்று. கண்டெடுத்த முட்டைகளைக் காவலான பொரிப்பகத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவதே அதன் பயன்.

பூவாற்றிலும் இதே நெறிதான். மழைக்காலத்தில் ஆறு பெருகி மணல்திட்டை முறிக்கும் பொழிமுகம் அது. அலையின் வேகத்தை அறியாதவர் இறங்கத் தகாத இடம். "கடலில் இறங்காதீர்கள்" என்று தடுப்பவர் நம் உயிரைக் காக்கிறார். "கூட்டருகே போக மாட்டேன்" என்று மறுப்பவர் பறவையின் உயிரைக் காக்கிறார். முதல் மறுப்புக்கு நன்றி கூறும் நாம், இரண்டாவதற்கு மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

வழிகாட்டியின் அறத்தில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு. மறுத்தவருக்குக் கூலியைக் குறைத்தால், நாளை அவர் மறுக்க மாட்டார். ஒன்றும் காணாமல் திரும்பிய நாளிலும் பேசிய தொகையை முழுதாகக் கொடுப்போம். அதுவும் பிள்ளைகள் பார்க்கக் கொடுப்போம். அவர்களுக்கு வழிகாட்டிகள் நாமல்லவா? ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் கையில் பறவையின் படம் இல்லாமற் போகலாம். தொலைவில் நின்று வணங்கத்தக்கவையும் உலகில் உண்டு என்னும் அறிவு அவர்கள் நெஞ்சில் இருந்தால் போதும்.