குரங்குப் பிடியா, பூனைப் பிடியா?

வைணவத்தில் பல நூற்றாண்டாக நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. குரங்குக் குட்டி தானே தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய்தான் வாயில் கவ்விச் செல்லும். அருளைப் பெற உயிரின் பங்கு சிறிதேனும் வேண்டும் என்ற வடகலைக்கு முதல் உவமை. வேண்டாம் என்ற தென்கலைக்கு இரண்டாவது. யார் யாரைப் பிடிப்பது?

மில்லிங் மெஷினுக்கு டூல் ஹோல்டர் வாங்கப் போகிறவர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது.

மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு வகை குரங்குக் குட்டி. கூம்புக் கோணம் சுமார் 3 டிகிரி. தட்டி ஏற்றினால் உராய்விலேயே நின்றுவிடும். துளையிடும்போது விசை மேல்நோக்கித் தள்ளுவதால் பிடி இன்னும் இறுகும். மில்லிங்கில் நிலைமை வேறு. விசை பக்கவாட்டில் விட்டுவிட்டு அடிக்க, அதிர்வில் பிடி தளர்கிறது. ஆகவே மோர்ஸ் கூம்புள்ள மில்லிங் மெஷினிலும் டிரா பார் போட்டுப் பின்னாலிருந்து இழுத்துக் கட்டுகிறார்கள். தன் பிடியை நம்பிய குட்டிக்கும் தாய் தேவைப்படுகிறாள்.

பி.டி. 40 வகை ஹோல்டர் பூனைக் குட்டி. 24-க்கு 7 என்ற சரிவு, ஏறக்குறைய 16.6 டிகிரி. இவ்வளவு அகன்ற கூம்பு தானாக நிற்காது. ஸ்பிண்டிலுக்குள் அடுக்கிய டிஸ்க் ஸ்பிரிங்குகளின் விசையில், கவ்வி ஒன்று ஹோல்டரின் தலையிலுள்ள புல் ஸ்டட்டைப் பற்றி இழுத்து வைத்திருக்கிறது. காற்றோ எண்ணெயோ அழுத்தம் தருவது விடுவிக்க மட்டுமே. மின்சாரம் போனாலும் பிடி போகாது. இயல்பே பிடித்திருப்பதாக உள்ள ஒன்றை இத்தனை கண்கூடாகக் காட்டும் பொருள் அரிது.

ஆனால் புல் ஸ்டட் இல்லாத ஹோல்டரை எந்த ஸ்பிரிங்கும் பிடிக்காது. அருளுக்கு ஒரு வியாஜம், சிறு சாக்காவது வேண்டும் என்ற வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகரின் கட்சி இங்கே வலுக்கிறது. ஸ்டட்டும் செய்தவன் வைத்ததே, உயிர் விலக்காமல் இருந்தால் போதும் என்று தென்கலையின் பிள்ளை லோகாசாரியர் வழியினர் விடை சொல்லக்கூடும்.

அந்த விலக்காமைக்கும் உழைப்பு உண்டு. கூம்பில் முடியளவு சிப் ஒட்டியிருந்தாலும் கட்டர் மையம் விலகிச் சுழலும்; வைத்துப் பார்க்கும் டயல் கேஜின் முள் ஆடும். கட்டரின் ஒரு பல் மட்டும் சுமையை வாங்கித் தேயும்.

மில்லிங்கைப் பொறுத்தவரை தீர்ப்பு பூனையின் பக்கம். ஸ்டட்டின் கோணம் 45, 60, 90 டிகிரியில் உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கூம்பைத் துடையுங்கள்.