பிருகு நான்கு தடவை திரும்பி வந்தான்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சுங்கை செம்பிலாங் பக்கம் ஒரு கோயில். பூஜை முடிந்து, சுண்டல் கொடுத்து, எல்லாரும் கலைந்துவிட்டார்கள். ஒரு தம்பி மட்டும் செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டே இருந்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

"அண்ணே, மெட்ரிகுலேஷன நிறுத்திடலாம்னு இருக்கேன். நடுப்பருவச் சோதனையில ஃபிசிக்ஸ் போயிடுச்சு. பேக்டரியில ஆள் எடுக்கறாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மகனுக்கு இடம் கிடைத்த நாளில் லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தவர். அதனால் அந்தத் தம்பி பயந்தது மதிப்பெண்ணுக்கு இல்லை.

"அர்ச்சனை செஞ்சேன் அண்ணே. பாஸாயிட்டா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன். அப்படியும் போயிடுச்சு."

அன்றைக்கு அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அவன் ஒருத்தன் இல்லை. ஜெராமில், புக்கிட் ரோத்தானில், பெஸ்தாரி ஜெயாவில், தஞ்சோங் காராங்கில் இதே கதையோடு எத்தனை தம்பி தங்கைகள் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறார்களோ!

முதலில் என் கதை. எஸ்பிஎம்மில் எனக்கு ஃபிசிக்ஸில் ஏ. தோட்டத்துப் பையன் ஏ வாங்கிவிட்டான் என்று கோயிலில் மாலை போட்டார்கள். ஆனால் அந்த ஏ எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். எந்தக் கேள்வி வந்தால் எந்தச் சூத்திரம், அவ்வளவுதான். ஐந்தாம் படிவம்வரை அது ஓடும். பல்கலைக்கழகத்து முதலாண்டில் ஓடவில்லை.

சோதனையில் வந்த ஒரு கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பொருள் ஓய்விலிருந்து கிளம்புகிறது. அதன் முடுக்கம் நேரத்தைப் போல 6 மடங்கு. அதாவது 1 நொடியில் 6, 2 நொடியில் 12. 2 நொடி கழித்து வேகம் என்ன, கடந்த தூரம் என்ன? நான் யோசிக்கவே இல்லை. முடுக்கம் 12, நேரம் 2, பெருக்கினால் வேகம் 24. தூரத்துக்கும் மனப்பாடச் சூத்திரம், அதுவும் 24. இரண்டு வரியில் முடித்துவிட்டு, பக்கத்து மாணவன் ஏன் அரைப் பக்கம் எழுதுகிறான் என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டேன். சரியான விடை வேகம் 12, தூரம் 8. வேகத்தில் இரண்டு மடங்கு தப்பு, தூரத்தில் மூன்று மடங்கு.

நான் போட்ட சூத்திரம் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். முடுக்கமே நொடிக்கு நொடி மாறினால் நுண்கணிதம் வேண்டும். அதை நான் கூடுதல் கணித வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் அது அங்கே, இது இங்கே என்று இரண்டையும் தனித்தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அந்தச் செங்கல் கனத்துப் புத்தகத்தை இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தேன். பக்தி என்று அம்மா நினைத்தார். அதைத் தொடாமல் இருக்க ஒரு சாக்கு, வேறொன்றும் இல்லை.

விரிவுரையாளரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு தடவை போனேன். "இது ஸ்கூல்லயே படிச்சிருக்கணுமே" என்றார். அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் நான் போகவில்லை. நம்ம பிள்ளைகள் பலர் தமிழில் ஆறு வருஷம், மலாயில் ஐந்து வருஷம் என்று படித்துவிட்டு, மூன்றாவது மொழியான ஆங்கிலத்தில் இந்தப் பாடத்தைச் சந்திக்கிறார்கள். கேள்வி மனதில் இருக்கும், வாய்க்கு வராது. அது கூச்சம் மாதிரித் தெரியும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் திமிர் மாதிரியும் தெரியும்.

இந்த இடத்தில் தைத்திரீய உபநிஷதத்தில் வரும் பிருகுவின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிருகு தன் தந்தை வருணனிடம் போய், பிரம்மத்தைச் சொல்லித்தாருங்கள் என்று கேட்கிறான். தந்தை விடையைச் சொல்லவில்லை. எதிலிருந்து எல்லாம் பிறக்கிறதோ, எதனால் வாழ்கிறதோ, எதில் போய்ச் சேர்கிறதோ, அதைத் தேடு என்று ஓர் அடையாளத்தை மட்டும் கொடுக்கிறார். பிருகு தவம் செய்கிறான். உணவுதான் பிரம்மம் என்று ஒரு முடிவுக்கு வருகிறான். அந்த அடையாளம் அதற்கு ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் மனம் நிறையவில்லை, மறுபடியும் தந்தையிடம் வருகிறான். தந்தை "தப்பு" என்று சொல்லவில்லை, "இதுகூடத் தெரியாதா" என்றும் சொல்லவில்லை. மறுபடியும் தவம் செய் என்கிறார். பிருகு போகிறான், உயிர்மூச்சு என்ற விடையோடு வருகிறான். மறுபடியும் போகிறான், மனம் என்று வருகிறான். பிறகு அறிவு என்று வருகிறான். நான்கு விடை, நான்கு தடவை திரும்பி வந்தான். ஐந்தாவதாக ஆனந்தம் என்று கண்டான். அதற்கப்புறம் அவன் கேட்டு வரவில்லை.

தம்பி தங்கைகளே, உபநிஷதம் அந்த நான்கு அரைகுறை விடைகளையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் பதிந்து வைத்திருக்கிறது. நாமாக இருந்தால் கடைசி விடையை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, முந்தின தாளையெல்லாம் கிழித்திருப்போம்.

தவம் என்றால் காட்டுக்குப் போவது என்று நினைக்காதீர்கள். மனத்தையும் புலன்களையும் ஒருமுகப்படுத்துவதே உயர்ந்த தவம் என்ற கருத்தை ஆதிசங்கரர் இந்த இடத்து உரையில் எடுத்துக்காட்டுகிறார். தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் உட்கார்வதும் இந்தக் கணக்கில் வரும் என்பது என் துணிபு.

இன்னொன்றும் உண்டு. ஆனந்தம்வரை போன பிறகு, உணவைப் பழிக்கக் கூடாது என்று அதே உபநிஷதம் சொல்கிறது. முதல் விடை பொய் இல்லை, முழுசு இல்லை, அவ்வளவுதான். எஸ்பிஎம் சூத்திரமும் அப்படித்தான். 10 மீட்டர் உயரத்து மரத்திலிருந்து வெட்டிய செம்பனைக் குலை விழுகிறது. அங்கே முடுக்கம் மாறாது, நம் பழைய சூத்திரமே போதும். ஒன்றரை நொடிகூட ஆகாது, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு. 20 கிலோ குலை அந்த வேகத்தில் வருகிறது என்று கணக்குச் சொல்லும். அந்தத் தம்பியின் அம்மா எந்தச் சூத்திரமும் இல்லாமல் எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்து நிற்கிறார். அந்த அறிவைப் பழிக்காதீர்கள். அதுதான் உங்களுக்குச் சோறு போட்டது.

மறுநாள் சனிக்கிழமை அவனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். கடல் ஏறிக்கொண்டிருந்தது. நிறைய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். கையில் சுண்ணாம்புக்கட்டி. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, நீர் தொடும் இடத்தில் தூணில் ஒரு கோடு போடச் சொன்னேன். மீன்காரர் ஒருத்தர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

முதல் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அப்புறம் இடைவெளி குறைந்தது. கடைசி 20 நிமிடத்தில் இரண்டு விரல் அகலம்தான். அப்புறம் தண்ணீர் நின்றது.

"இப்ப தண்ணி எவ்வளவு உயரம்?" என்றேன்.

"இன்னைக்கு இதுதான் உச்சம்."

"ஏறுற வேகம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பூஜ்யம்... அண்ணே, டிஃபரன்சியேஷன் பண்ணி பூஜ்யத்துக்குச் சமப்படுத்துவோமே, அது இதுதானா?"

அதேதான். கோடுகளுக்கு இடையில் 20 நிமிடத்துக்குப் பதிலாக ஒரு நிமிடம், ஒரு நொடி, அதைவிடச் சின்னது என்று போய்க்கொண்டே இருந்தால், அந்தக் கணத்து வேகம் கிடைக்கும். அது வகையீடு. எல்லா இடைவெளியையும் அடுக்கிக் கூட்டினால் மொத்தம் ஏறிய உயரம் கிடைக்கும். அது தொகையீடு. என் பழைய சோதனைக் கணக்கையும் அங்கேயே மணலில் எழுதிக் காட்டினேன். 8 மீட்டர் என்று அவனே சொன்னான். எனக்கு வராத விடை அவனுக்கு வந்தது.

கடலை ஏற்றி இறக்குவதில் பெரிய பங்கு சந்திரனுக்கு. நம் திதியையும் சந்திரனை வைத்துத்தான் கணிக்கிறோம். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய சித்தாந்த சிரோமணியில் 'தாத்காலிக கதி' என்று ஒன்று வருகிறது. அதாவது அந்தக் கணத்து வேகம். சந்திரனின் ஓட்டம் கணத்துக்குக் கணம் மாறுவதால், திதி முடியும் நேரத்தைத் துல்லியமாகக் கணிக்க ஒரு நாள் சராசரி போதாது என்று அவர் கண்டார். கேரளத்தில் மாதவர் வழிவந்தவர்கள் முடிவில்லாத் தொடர்களைக் கண்டார்கள். அவற்றின் நிரூபணங்களை ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்ற நூலில் 1530 வாக்கில் மலையாளத்திலேயே எழுதி வைத்தார். நியூட்டனின் பிரின்சிபியா வந்தது 1687-இல்.

உடனே "எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்று மேடையில் கைதட்டு வாங்கக் கிளம்பாதீர்கள். விசைக்கும் முடுக்கத்துக்கும் உள்ள உறவை விதியாக்கி, விழும் பழத்தையும் சுற்றும் நிலவையும் ஒரே கணக்கில் சேர்த்தது நியூட்டன்தான். பாஸ்கரர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நாம் அவர் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

வேண்டுதலைப் பற்றியும் கேட்டான். பால்குடம் எடு, நானும் கூட வருகிறேன். ஆனால் மார்க்குக்கு விலையாக வேண்டாம். முருகன் தகப்பனுக்கே பாடம் சொன்ன சாமி, அவரிடம் போய் "படிக்காமல் பாஸாக்கு" என்று பேரம் பேசலாமா? பால்குடத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிற உடம்பு இது. ஒரு அத்தியாயத்துக்கு 4 நாள் உட்கார மாட்டேன் என்றால், குறை உடம்பில் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். நான் வாசலில் நின்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னொரு தடவ எழுத விடுவாங்களாடா?"

கடைசித் தேர்வு இன்னும் வரவில்லை. அவன் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். விரிவுரையாளர் அறைக்கு இரண்டு தடவை போனானாம். முதல் தடவை கதவு பூட்டியிருந்ததாம்.

சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கோயில் மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருக்கிறோம். லீவில் வீட்டுக்கு வருகிறவர்கள் வரலாம். தங்கைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட அக்காமார் இருக்கிறார்கள். நல்ல மார்க் வாங்கின தாள் வேண்டாம், சிவப்பு மை பட்ட தாளைக் கொண்டு வாருங்கள். என்னுடைய பழைய தாளும் அங்கே இருக்கும், அந்த 24 மீட்டரோடு.