பார்ப்பவர்களும் இருப்பவர்களும்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது அதிகம் அடிபடும் பேச்சு வீடுதான். லோன், இ.எம்.ஐ., சதுர அடி எல்லாம் பேசி ஓய்ந்தபின் யாராவது ஒருவர் பெருமூச்சோடு சொல்வார்: "எல்லாத்தையும் வித்துட்டு மசினகுடி பக்கம் அரை ஏக்கர் வாங்கிப் போட்டுடணும்டா." அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. மரங்களுக்கு நடுவே வாழ ஆசைப்படுவதில் என்ன தப்பு? என் கேள்வி வேறு. அப்படி வாழ்வதற்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள்?

கூடலூரிலிருந்து மைசூரு போகும் சாலையில், மாயாற்றங்கரையில் இருக்கிறது தெப்பக்காடு. மசினகுடிக்கு அங்கேதான் பிரிய வேண்டும். அங்கிருந்து பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடப்பட்டு, காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. காரில் போகும் நமக்கு அது ஒரு நாள் திட்டத்தை மாற்றும் விஷயம். அங்கே குடியிருப்பவருக்கு அது வாழ்க்கை முழுவதற்குமான கடிகாரம். பகலிலும் சும்மா இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழியில் யானை நின்றால், நிற்க வேண்டியது பிள்ளைதான்.

2021-இல் கூடலூர், மசினகுடி பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட எம்.டி.டி. 23 புலியைத் தேடினார்கள். சுட்டுவிடுங்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். சுடாதீர்கள் என்று ஊருக்கு வெளியிலிருந்து பலர் எழுதினார்கள். உயர்நீதிமன்றமும் உடனே கொல்ல வேண்டாம் என்றது. அக்டோபரில் அது உயிரோடு பிடிபட்டது. எனக்கும் நிம்மதிதான். ஆனால் அது பிடிபடும்வரை அந்த நிம்மதிக்காகப் பயந்துகொண்டே மாடு மேய்க்கப் போனவன் நானில்லை. நம்முடைய கருணைக்கு வேறு யாரோ தவணை கட்டுகிறார்கள்.

ரிசார்ட்டுகளின் கதை இதற்கு நேர் எதிர். சீகூர் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். 2010-இல் அரசு அதை அறிவித்தது. 2011-இல் உயர்நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. ரிசார்ட்காரர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை: பட்டா இருக்கிறது, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்றார்கள். ஆனால் அங்கே விற்கப்பட்டது காட்டின் அழகு மட்டும்தான். காட்டின் நிபந்தனைகளை விருந்தாளி வாங்குவதில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிக்கு அருகே வந்த யானைமேல் எரியும் துணியை வீசினார்கள். அது பிறகு இறந்தது. காட்டைப் பார்க்க ஜன்னல் வைத்தவர்களுக்கு, காடு ஜன்னலருகே வந்தால் பிடிக்கவில்லை.

ஆகவே மரங்களை நேசிப்பதை மட்டும் வைத்து ஓரிடத்தில் வாழும் உரிமையை அளக்க முடியாது என்று நினைக்கிறேன். அந்த இடத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பழங்குடிகளும் யானைப் பாகன்களும் தலைமுறைகளாக விட்டுக்கொடுத்தவர்கள். ஆனால் எதை விட்டுக்கொடுப்பது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் வாங்கினால் அதற்குத் தியாகம் என்று பேர் வைக்கக்கூடாது. காடு சார்ந்து வாழ்வோரின் உரிமையை ஒரு சட்டம் ஏற்கவே 2006 வரை ஆனது.

தெப்பக்காடு யானைகள் முகாம் ஏறத்தாழ நூறாண்டுப் பழமையானது. அங்கே குட்டிகளை வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் பற்றிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம் முதுமலை, ஆனைமலை முகாம்களின் 91 பாகன், காவடி குடும்பங்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாயை அரசு அறிவித்தது. தெப்பக்காட்டில் 44 வீடுகள் 2025-இல் திறக்கப்பட்டன. நல்ல விஷயம், சந்தோஷம்தான். இருந்தாலும் உறுத்துகிறது: ஒருவருக்கு நல்ல கூரை கிடைக்க, முதலில் உலகம் அவரைத் திரையில் பார்க்க வேண்டுமா?

அடுத்தமுறை முதுமலை வழியே போகும்போது செக்போஸ்டில் வரிசை நீண்டால், நமக்கு நஷ்டம் பத்து நிமிஷம். தடுப்புக்கு அந்தப் பக்கம் வீடிருப்பவருக்கு எவ்வளவு என்று அவரிடமே கேட்கலாம். காட்டைப் பற்றி நாம் கருத்துச் சொல்லத் தொடங்குவதற்கு முன்னால்.